வளையமும் சிறகும்: வடக்கு டகோட்டா குட்டைகளில் ஆறு நாள்

நாள் 1, செப்டம்பர் 23, 2025, செவ்வாய்: ஜேம்ஸ்டவுன்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மைத்துனன். ஃபார்கோவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது அவனுக்கு. போன குளிர்காலத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தான் சுட்ட வாத்துகளின் சிறகை வெட்டி, உறையில் போட்டு அரசாங்கத்துக்குத் தபாலில் அனுப்புகிறார் என்று சொன்னான். "எதுக்குடா?" என்றேன். "கணக்கு எடுக்கறதுக்காம் அத்தான்" என்றான். அந்தப் பேச்சு அப்படியே மனதில் தங்கிவிட்டது. இருபது வருடமாகப் பறவை பார்க்கிறேன். வேட்டை என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். சுடுகிறவர் ஏன் எண்ண உதவுகிறார் என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

காலையில் ஃபார்கோவை விட்டுக் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் நிலம் பலகை போலக் கிடந்தது. பனியுகத்தின் முடிவில் இங்கே அகாசிஸ் என்ற பெரிய ஏரி இருந்ததாம். அதன் தரையில்தான் கார் ஓடுகிறது. சோயா, சர்க்கரைக் கிழங்கு, மறுபடி சோயா. வேலி சிட்டியைத் தாண்டிய பிறகு நிலம் லேசாகப் புரளத் தொடங்கியது. அப்புறம் ஒரு வளைவில் முதல் குட்டை. அதில் பத்துப் பதினைந்து நாமக்கோழிகள். அடுத்த மேட்டைத் தாண்டினால் இன்னொன்று.

ஜேம்ஸ்டவுனில் அறை எடுத்தோம். 1965 முதல் இந்த ஊரில் வாத்துகளையும் புல்வெளிகளையும் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய அரசு ஆய்வு மையம் இருக்கிறது. பெரியவரின் நிலம் இங்கிருந்து வடமேற்கே. சனிக்கிழமை விடிந்தால் இந்த மாநிலத்துக்காரர்களுக்கு வாத்து வேட்டைப் பருவம் திறக்கிறது. வெளி மாநிலத்தார் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் நின்ற பிக்கப் வண்டிகளில் பாதிக்கு மேல் பின்புறம் பொம்மை வாத்துகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

நாள் 2, செப்டம்பர் 24, புதன்: உட்வொர்த் பக்கம்

இன்று எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு உயிரியலாளர். மத்திய மீன், வனவிலங்குத் துறையில் நெடுங்காலம் இருந்தவர், பெரியவருக்குப் பழைய சிநேகிதி. எழுபது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் சம்புப் புதருக்குள் இறங்கிவிட்டார்.

மேட்டில் நின்று பார்த்தபோது எண்ணத் தொடங்கினேன். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பதினேழு குட்டைகள். சில, ஒரு வீட்டு மனை அளவுதான். சில ஏரி என்றே சொல்லலாம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது மண்ணுக்குள் புதைந்து நின்ற பனிக்கட்டிகள் கரைந்து பள்ளமான இடங்கள் இவை. அயோவாவிலிருந்து மினசோட்டா, இரண்டு டகோட்டாக்கள், மொன்டானா வழியாகக் கனடாவின் மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா வரை சுமார் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இப்படித்தான் நிலம். வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கு மேல் இந்தப் பகுதியில்தான் பொரிக்கின்றன.

"இதோ, இதுதான் முக்கியம்" என்று அந்த அம்மா காட்டியது, தண்ணீரே இல்லாத ஒரு பள்ளம். உழுத வயலின் நடுவே வெறும் கறுப்பு மண். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏப்ரலில் பனி உருகியதும் இதில் ஒரு சாண் தண்ணீர் நிற்குமாம். ஆழமில்லாததால் சீக்கிரம் சூடேறி, புழுவும் நத்தையும் பூச்சியும் மொய்க்கும். முட்டையிடப் போகும் பெட்டைக்கு அந்தப் புரதம் வேண்டும். பெரிய ஏரி இன்னும் உறைந்து கிடக்கும்போது இந்தப் பள்ளம்தான் சோறு போடும். ஜூன் முடிவதற்குள் வற்றிவிடும். விவசாயிக்கு இது டிராக்டர் சிக்கிக்கொள்கிற இடம், முதலில் வடிகால் வெட்டத் தோன்றுவதும் இதற்குத்தான். வடக்கு டகோட்டா தன் ஈரநிலங்களில் ஏறக்குறைய பாதியை அப்படி இழந்துவிட்டது.

மதியம் காற்றுக்கு மறைவாகக் காரில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிக அழகான கணக்கு இது.

1955 முதல் ஒவ்வொரு மே மாதமும் சிறு விமானங்கள் இந்தக் குட்டைகளின் மேல், தரையிலிருந்து வெறும் 45 மீட்டர் உயரத்தில், நேர்கோட்டில் பறக்கின்றன. விமானியும் உயிரியலாளர்தான். அவர் இடப்பக்கம் 200 மீட்டர் அகலத்துக்கு எண்ணுவார், கூட இருப்பவர் வலப்பக்கம். வாத்து மட்டுமில்லை, தண்ணீர் நிற்கும் குட்டைகளையும் எண்ணுவார்கள். வேகமாகப் போகிற விமானத்திலிருந்து எல்லாமா கண்ணில் படும்? படாது. அதனால் அதே கோட்டின் சில பகுதிகளில் தரையிலும் ஆட்கள் நடந்து, சம்பைத் தட்டி, ஒன்று விடாமல் எண்ணுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து வானத்து எண்ணிக்கையைத் திருத்துவார்கள்.

"ஆண் மல்லார்ட் வாத்து ஒன்று தனியாக நின்றால் எத்தனை என்று எழுதுவோம் தெரியுமா?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "இரண்டு" என்றார். ஏப்ரல், மே மாதத்தில் ஆண் தனியாகக் குட்டையில் நிற்கிறது என்றால், அதன் பெட்டை பக்கத்துப் புல்லில் எங்கோ முட்டையிட்டிருக்கிறது, அடையில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதவளையும் சேர்த்து எழுத வேண்டும்.

கொரோனா காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டுகள் மட்டும் விமானம் பறக்கவில்லை. இந்த ஆண்டுக் கணக்குப்படி வாத்துகள் சுமார் 3.4 கோடி. அந்த இரண்டு ஆண்டு இடைவெளியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது, வீட்டில் யாரோ நோயில் கிடந்ததைச் சொல்வது போல.

நாள் 3, செப்டம்பர் 25, வியாழன்: பெரியவரின் கொட்டகை

பெரியவர் தன் கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே கம்பி வலையால் செய்த பெரிய கூண்டுகள் அடுக்கி வைத்திருந்தன. இவருடைய சதுப்பில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வாத்து பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் போடுகிறார்கள். புனல் போலக் குறுகும் வாசல், உள்ளே தானியம். வாத்து நீந்தி நுழைந்துவிடும், திரும்ப வழி தெரியாது. நாங்கள் ஒரு மாதம் தாமதம். தானியம் போட்ட இடத்தில் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம், கடைசி மணியை அள்ளிய பிறகும் பத்து நாள் அந்த இடம் தடைதான். அதனால் இந்த மாதத் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துவிட்டார்கள்.

வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார் அந்த அம்மா. அலுமினியம், எடையே தெரியவில்லை. நான்கு இலக்கம், ஒரு கோடு, ஐந்து இலக்கம், அப்புறம் தகவல் சொல்வதற்கான இணைய முகவரி. மல்லார்டுக்கு 7ஏ என்ற அளவு. இடுக்கியால் ஒரே அழுத்து, விளிம்புகள் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். இடைவெளி இருந்தால் புல் சிக்கும், கால் புண்ணாகும். பறவையின் இனம், ஆணா பெண்ணா, இந்த ஆண்டுக் குஞ்சா மூத்ததா என்று பார்த்து எழுதிவிட்டுப் பறக்க விடுவார்கள். எல்லா எண்களும் மேரிலாந்தில் உள்ள வளைய ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்.

1920இல் இந்த வளையத் திட்டத்தின் பொறுப்பை ஏற்றவர் பிரெடெரிக் லிங்கன். வேட்டைக்காரர்கள் திருப்பி அனுப்பிய எண்களை வரைபடத்தில் குறித்து, பறவைகள் அட்லாண்டிக், மிசிசிப்பி, மத்திய, பசிபிக் என நான்கு பெரும் பாதைகளில் போய்வருகின்றன என்று 1935இல் எழுதினார். இன்றும் நிர்வாகம் அந்த நான்கு பாதைகளின்படிதான் நடக்கிறது.

அதைவிட என்னை உலுக்கியது 1930இல் அவர் சொன்ன இன்னொரு யோசனை. ஆயிரம் வாத்துக்கு வளையம் போட்டோம், அந்தப் பருவத்தில் அவற்றில் நூறு சுடப்பட்டன என்று வையுங்கள். பத்தில் ஒன்று. நாடு முழுக்க மொத்தம் ஐம்பது லட்சம் வாத்து சுடப்பட்டது என்று வேறு வழியில் தெரிந்தால், வானத்தில் மொத்தம் ஐந்து கோடி இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையனுக்குப் புரிகிற வகுத்தல்.

ஆனால் ஒரு ஓட்டை. வேட்டைக்காரர் வளையத்தைக் கண்டும் சொல்லாவிட்டால்? நூறுக்குப் பதில் முப்பதுதான் கணக்கில் வரும். மொத்த எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் ஊதிப் போகும். இருக்கிற வாத்தைவிட அதிகம் இருக்கிறது என்று நம்பி அதிகம் சுட அனுமதிப்போம். இதை அந்த அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் சுவரில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்தார். வாத்தை அழைக்கும் ஊதுகுழல் தொங்கும் கழுத்துக் கயிறு. அதில் பதினான்கு வளையங்கள் கோத்திருந்தன. பழையவற்றில் எழுத்துகள் தேய்ந்து கிடந்தன.

"இது ரெண்டையும் நான் சொல்லவே இல்லை" என்று இரண்டைத் தனியாகத் தள்ளிக் காட்டினார். எழுபதுகளில் சுட்டவை. எங்கே நல்ல வேட்டை கிடைக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தால் பருவத்தைச் சுருக்கிவிடுவார்கள் என்று அப்போது அவருக்குப் பயம். அவர் மட்டுமில்லை, தபால் முகவரி மட்டும் பொறித்திருந்த அந்தக் காலத்தில் வளையம் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தகவல் சொன்னார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சில பறவைகளுக்குச் சாதாரண வளையத்தோடு "தகவல் சொன்னால் 100 டாலர்" போன்ற பரிசு பொறித்த வளையமும் போட்டார்கள். பணம் என்றால் எல்லோரும் சொல்வார்கள். பரிசு வளையப் பறவைகளைப் பற்றி வந்த தகவலையும் மற்றவற்றைப் பற்றி வந்ததையும் ஒப்பிட்டதே மௌனமாக இருந்தவர்கள் எத்தனை பேர் என்று காட்டிக்கொடுத்தது. தொண்ணூறுகளில் கட்டணமில்லாத தொலைபேசி எண்ணைப் பொறித்த பிறகு தகவல் சொல்வோர் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள்.

பெரியவர் அந்த இரண்டு வளையங்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பின்னாளில் எழுதி அனுப்பலாம் என்று நினைத்தபோது எந்த ஆண்டு, எந்தக் குட்டை என்பது அவருக்கே நினைவில்லை.

ராத்திரி அறைக்குத் திரும்பும்போது மைத்துனன், "அத்தான், சுட்டவர் சொன்னாத்தான் உயிரோட இருக்கறது எத்தனைன்னு தெரியும்னா, இது விசித்திரமா இல்ல?" என்றான். எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. காட்டில் இயற்கையாகச் சாகும் வாத்து நரிக்குப் போகும், சேற்றுக்குப் போகும். அதன் கால் வளையத்தை யாரும் படிப்பதில்லை. மனிதன் கையில் விழும் பறவைக்கு மட்டும்தான் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி பொய் சொன்னால் விமானமும் சூத்திரமும் என்ன செய்ய முடியும்?

நாள் 4, செப்டம்பர் 26, வெள்ளி: சேஸ் ஏரி

காலையில் மெடினா வழியாகச் சேஸ் ஏரிக்குப் போனோம். 1908இல் தியோடர் ரூஸ்வெல்ட் கூழைக்கடாக்களுக்காக ஒதுக்கிய இடம். கோடையில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் தீவுகள் இப்போது காலியாக வெளுத்துக் கிடந்தன. தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் பெரியவர் நாளைக்கான தோட்டாக்களை எடுத்து மேசையில் அடுக்கினார். எல்லாம் எஃகு ரவை. வாத்து, அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும் பறவை. சதுப்பின் அடியில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். உள்ளே அரைபட்டு ஈயம் ரத்தத்தில் கலந்தால் சிறகு தொங்கி, நடக்க முடியாமல், சில வாரத்தில் சாகும். இல்லினாய் மாநில ஆய்வாளர் ஃபிராங்க் பெல்ரோஸ் இதை 1959இல் விரிவாக எழுதினார். ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஈயத்தால் மட்டும் சாகின்றன என்பது அவர் மதிப்பீடு. அந்தக் கணக்கில் பெரும்பங்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த வாத்துகளின் இரைப்பைகளை அறுத்துப் பார்த்ததால் வந்தது. ஆனாலும் எஃகை ஏற்க அவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டு சண்டைக்குப் பிறகு 1991இல்தான் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை செய்யப்பட்டது. பிற்பாடு மிசிசிப்பிப் பாதையில் மறுபடி இரைப்பைகளைச் சோதித்தபோது மல்லார்டுகள் ஈயத்தால் சாவது 64 சதவீதம் குறைந்திருப்பதாக மதிப்பிட்டார்கள். "நான் கடைசி வரை எதிர்த்தவன்" என்றார் பெரியவர்.

உரிமச் சீட்டோடு ஒரு தபால்தலையும் இருந்தது, 25 டாலர். அதன் கதை 1934இல் தொடங்குகிறது. வறட்சியில் புழுதிப் புயல் வீசிய ஆண்டுகள், வாத்துகள் படுமோசமாகக் குறைந்திருந்தன. கார்ட்டூன் ஓவியரான ஜே. என். 'டிங்' டார்லிங் உயிரியல் கணக்கெடுப்புத் துறையின் தலைவராக இருந்தார். வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலருக்குத் தபால்தலை வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, முதல் தபால்தலையின் படத்தை அவரே வரைந்தார். இன்றும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவோ, அதன் மீது உரிமை எழுதி வாங்கவோ போகிறது. இதுவரை ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர். பெரியவரின் அப்பா 1960களில் அப்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நிலம் குடும்பத்துடையதுதான், பயிரும் வைக்கலாம், ஆனால் குட்டைகளைத் தூர்க்கவோ வடிக்கவோ என்றைக்கும் கூடாது. புதன்கிழமை நான் ஏமாற்றத்தோடு பார்த்த அந்தக் கறுப்புப் பள்ளம் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது.

நாள் 5, செப்டம்பர் 27, சனி: திறப்பு நாள்

நாலரை மணிக்கு எழுந்தோம். சம்புக்கு நடுவே மறைப்பில் நான், மைத்துனன், பெரியவர், அவருடைய கறுப்பு லாப்ரடார் நாய். எனக்கும் மைத்துனனுக்கும் துப்பாக்கி கிடையாது. சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்புதான் சுடலாம். பெரியவர் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் சிறகுச் சத்தம் நாலைந்து முறை சீறிப் போயிற்று. அசையவில்லை.

வெளிச்சம் வந்தபோது எனக்கு முதல் சிக்கல் புரிந்தது. செப்டம்பரில் ஆண் வாத்தும் பெட்டை மாதிரியே பழுப்பாக இருக்கும். கோடையில் உதிர்த்த வண்ணச் சிறகு இன்னும் முழுதாக முளைத்திருக்காது. இங்கே ஒருவர் ஒரு நாளில் ஆறு வாத்து எடுக்கலாம். அதில் மல்லார்ட் ஐந்துக்கு மேல் கூடாது, அந்த ஐந்தில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. ஆணின் பச்சைத் தலை தெரியாத மாதத்தில் எப்படிப் பிரிப்பது? "அலகைப் பார்" என்று கிசுகிசுத்தார். ஆணுக்கு மங்கிய மஞ்சள் பச்சை, பெட்டைக்கு ஆரஞ்சில் கறுப்புத் திட்டு. இரண்டு முறை துப்பாக்கியைத் தூக்கி, சந்தேகம் தீராமல் இறக்கிவிட்டார்.

முதல் வெடியில் என் உடம்பு அதிர்ந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. ஒரு மல்லார்ட் காற்றில் மடங்கி நீரில் விழுந்தது. நாய் பாய்ந்து போய்க் கொண்டுவந்து பெரியவர் கையில் வைத்தது. இன்னும் கதகதப்பாக இருந்தது. கழுத்து என் மணிக்கட்டில் சரிந்தது. நான் பார்த்துப் பழகிய பறவை எப்போதும் தூரத்தில் இருக்கும், லென்ஸின் மறுமுனையில். இவ்வளவு நெருக்கத்தில் அதன் மார்பு இறகின் ஓரத்தில் இருந்த மெல்லிய வெளிர் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

மூன்றாவது பறவை அடிபட்டுச் சாய்வாகச் சம்புக்குள் இறங்கியது. நாய் தேடியது, பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினார், நாங்கள் கரையைச் சுற்றினோம். ஐம்பது நிமிடம். அதற்குள் இரண்டு கூட்டங்கள் பொம்மைகளின் மேல் தாழப் பறந்து போய்விட்டன, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கிடைக்கவில்லை. மறைப்புக்கு வந்ததும் நனைந்த கையோடு சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, நேரம் போட்டு, "மல்லார்ட், கிடைக்கவில்லை" என்று எழுதினார். அதையும் தன் அன்றைய ஆறில் ஒன்றாக வைத்துக்கொண்டார். யாரும் பார்க்காத இடம் அது. நாடு தழுவிய கணக்கிலும் இப்படிக் காயம்பட்டுக் கை சேராமல் போகிறவற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எட்டு மணிக்கு வண்டியின் பின்பலகையில் மூன்று பறவைகள்: இரண்டு மல்லார்ட், ஒரு நீலச்சிறகுக் கிளுவை. எந்தக் காலிலும் வளையம் இல்லை. அந்த அம்மா வந்து சேர்ந்தார். ஒரு மல்லார்டின் சிறகை விசிறி போல விரித்துக் காட்டினார். நடுவில் நீலப் பட்டை, இரு பக்கமும் வெள்ளை விளிம்பு. உடம்பு முழுக்க நிறம் மாறினாலும் இந்தச் சிறகு மாறாது. அதனால்தான் தபாலில் சிறகைக் கேட்கிறார்கள். உடம்பை ஒட்டிய உள் இறகுகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் அகலமாக, நுனி உருண்டு இருந்தது, அது மூத்தது. மற்றதில் குறுகி, ஓரம் நைந்திருந்தது. அந்தப் பறவையின் வாலைப் பார்த்தேன். சில இறகுகளின் நுனியில் வி வடிவில் சிறு வெட்டு. குஞ்சாக இருந்தபோது அந்த நுனியில்தான் பஞ்சுத் தூவி ஒட்டியிருந்தது, அது உதிர்ந்த தழும்பு. போன மே, ஜூனில் இந்தக் குட்டைகளில் ஏதோ ஒன்றின் கரையில் பொரித்திருக்கலாம்.

1961 முதல் நடக்கிறது இந்தச் சிறகுக் கணக்கு. உரிமம் வாங்கும்போது போன வருடம் எத்தனை வாத்து எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே தபால் கட்டணம் செலுத்திய உறைகளை அனுப்புவார்கள். ஒரு வாத்துக்கு ஒரு சிறகு. குளிர்காலத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஓர் இடத்தில் உயிரியலாளர்கள் கூடி, மேசை மேசையாகக் குவித்து, இனம், பால், வயது பிரிப்பார்கள். மூத்ததற்கு இத்தனை இளசு என்ற விகிதம்தான் அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி என்று சொல்லும். இளசுக்கு அனுபவம் குறைவு, எளிதில் சுடப்படும். வளையக் கணக்கை வைத்து அந்தச் சாய்வையும் திருத்திக்கொள்கிறார்கள்.

நாள் 6, செப்டம்பர் 28, ஞாயிறு: சாலியர் சரணாலயம்

மூன்று மணி நேரம் வடமேற்கே போய் ஜே. கிளார்க் சாலியர் சரணாலயம் பார்த்தோம். டார்லிங் வேலைக்கு எடுத்த சாலியர் 1934இல் ஆறு வாரத்தில் 18,000 மைல் கார் ஓட்டி, வாங்க வேண்டிய சதுப்புகளைக் குறித்தவர். 1935இல் தொடங்கிய இந்த இடத்துக்குப் பிற்பாடு அவர் பெயர் வைத்தார்கள். சூரிஸ் ஆற்றின் ஓரமாக நீர் விரிந்து கிடந்தது. வடக்கிலிருந்து வந்த பனி வாத்துகளின் முதல் கூட்டம் உயரத்தில் கத்திக்கொண்டு போயிற்று.

வழியெல்லாம் அந்த அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டு வந்தது ஒரே கேள்வி. சுடுவதால் இனம் குறைகிறதா, இல்லையா? அவர் நேரடியாக ஆம், இல்லை என்று சொல்லவில்லை. வேட்டையில் செத்தது எப்படியும் குளிரில் செத்திருக்கும் என்று ஒரு கட்சி, வேட்டைச் சாவு கூடுதல் சாவுதான் என்று இன்னொரு கட்சி. 1976இல் ஆண்டர்சன், பர்ன்ஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மல்லார்ட் வளையங்களை அலசி, ஓர் அளவு வரை முதல் கட்சிக்குச் சாதகமாக எழுதினார்கள். சண்டை ஓயவில்லை. 1995இல் ஒரு வழி கண்டார்கள். இரண்டு கட்சியையும் கணக்கு மாதிரிகளாக எழுதி, அடுத்த மே மாதம் எத்தனை மல்லார்ட் இருக்கும் என்று ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்வது. விமானம் பறந்து எண்ணியதும், கிட்டத்தில் சொன்ன மாதிரிக்கு மதிப்பைக் கூட்டுவது. பருவத்தை மூடுவதா, இறுக்குவதா, நடுத்தரமா, தாராளமா என்ற நான்கில் ஒன்றை அந்த மதிப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பது. முடிவாகத் தெரியாததைத் தெரிந்தது போல நடிக்காமல், ஒவ்வொரு வேட்டைப் பருவத்தையும் ஒரு சோதனையாக நடத்துகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

தோல்வியும் உண்டு. மேலே கத்திப் போன பனி வாத்துகள் அளவுக்கு மீறிப் பெருகி, ஹட்சன் விரிகுடாக் கரையில் புல்லை வேரோடு பிடுங்கி மண்ணை மொட்டையாக்கின. 1999இல் வசந்த காலத்திலும் வரம்பில்லாமல் சுடலாம் என்று திறந்துவிட்டார்கள். போதவில்லை. போதவில்லை என்பதைக் காட்டியதும் அதே வளையங்கள்தான். ஊசிவால் வாத்தின் கதை வேறு. பழைய கதிர்த்தாள் வயலில் சீக்கிரமே கூடு கட்டும் பறவை அது, உழவு வந்தால் முட்டை போயிற்று. வேட்டை வரம்பைப் பல ஆண்டுகள் நாளுக்கு ஒன்று என்று குறைத்தும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. கணக்கைப் புதுப்பித்துப் பார்த்து, இந்த ஆண்டு மூன்று என்று உயர்த்தியிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, அதை அவரிடம் சொன்னேன். "எனக்கும் கொஞ்சம் பயம்தான். அதனால் ஒவ்வொரு சிறகும் வேண்டும்" என்றார்.

வேட்டைப் பறவையிலிருந்து இன்னொரு பலனும் உண்டு. ஆசியா, ஐரோப்பாவில் பரவிய பறவைக் காய்ச்சல் அமெரிக்காவுக்கு வந்ததை 2022 ஜனவரியில் முதலில் காட்டிக்கொடுத்தது தென் கரோலினாவில் ஒருவர் சுட்ட விஜியன் வாத்து. சோதனைக்கு எடுத்த ஒரு பஞ்சுக் குச்சி.

திரும்பும் வழியில் பெரியவர் வீட்டில் இறங்கினோம். சமையலறை மேசையில் மூன்று சிறகு, மூன்று உறை. பேனாவை நிதானமாகப் பிடித்து, தேதி, சுட்ட இடத்துக்கு அருகிலுள்ள ஊர், கவுன்டி எல்லாம் எழுதினார். கிளுவையின் சிறகை மடிக்கும்போது அதன் வெளிர் நீலம் விளக்கில் ஒரு கணம் பளிச்சிட்டது. உறையை ஒட்டுவதற்கு முன் என்னிடம் நீட்டி, "சரியாக எழுதியிருக்கிறேனா, பார்" என்றார். ஸ்டட்ஸ்மன் கவுன்டி, செப்டம்பர் 27. வாங்கிப் படித்துப் பார்த்து, சரிதான் என்றேன். போகிற வழியில் தபால் பெட்டியில் போடச் சொல்லி மூன்றையும் மைத்துனன் கையில் கொடுத்தார்.